பதினொரு நொடி

அஹ்வாஸில் கல்யாணப் படம் எடுப்பவளாகத்தான்
ஹெங்காமேயை எனக்குத் தெரியும்.
பெண்கள் ஆடும் கூடத்தில்
ஆண் கேமராக்காரனுக்கு இடமில்லை.
அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்
பத்தொன்பது வயதில் அவளுக்கொரு தொழில்.
மணப்பெண்ணை விட்டுவிட்டு,
செருப்பைக் கழற்றிப் பாதம் நீவிக்கொள்ளும் அத்தைகளையே
எடுத்துக்கொண்டிருப்பாள்.
பாதிப் பணம்தான் தருவார்கள்.

நான் ஒலிப்பதிவுக்காரி.
பார்ப்பதை அவளிடம் விட்டுவிட்டேன்.

முதல் படம் முழுக்க ஒரு பழைய பிரைட் காருக்குள்.
அனுமதிக் கடிதத்தில்
'காரூன் ஆற்றின் மீன்வளம்' என்றிருந்ததால்
நாலு மீனையும் எடுத்துவைத்தோம்,
சாட்சிக்கு.
ஜூலை. ஐம்பது டிகிரி.
ஏசி போட்டால் என் மைக்கில் இரைச்சல்,
நிறுத்தினால் நடிகைக்கு மயக்கம்.
"ஒரு டேக் உனக்கு, ஒரு டேக் அவளுக்கு"
பாகப்பிரிவினை செய்தாள் ஹெங்காமே.

புழுதிக்காற்று வந்த அன்று
ஊரே கண்ணாடியை ஏற்ற
இவள் இறக்கினாள்.
லென்ஸுக்குள் புகுந்த மணல்
படம் நெடுக இருக்கிறது
இடது மூலையில்,
மச்சம் மாதிரி.

தெஹ்ரானில் நான்காம் மாடி அலுவலகம்.
தேநீர் கொடுத்தார்கள், கற்கண்டோடு.
நல்ல படம் என்றார்கள்.
நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில்
பதினொரு நொடி மட்டும்:
பெட்ரோல் பங்கு குழாயில் தலை நனைத்து வந்த தாய்
பின்சீட்டில் சிக்கெடுக்கிறாள்.
'பிம்பத்தை நீக்கவும்.'
கையெழுத்து, முத்திரை.

அன்றிரவு பெரிய சண்டை.
எனக்குப் பயம், அவளுக்குப் பசி.
ஊரிலிருந்து வந்த புளிமீன் குழம்பை வழித்துத் தின்றபடி
அந்தத் தாளில் ஒரு சொல்லின்மேல்
எண்ணெய் விரலை வைத்தாள்.
பிம்பம்.
"ஒலியைப் பற்றி ஓர் எழுத்து காட்டு."

இஸ்ஃபஹானில்
ஒரு பல் வைத்தியர் வீட்டு நிலவறை.
முப்பது பேர், இருபது நாற்காலி.
நாற்பத்து மூன்றாம் நிமிடம் திரை இருண்டது.
கரண்ட் போய்விட்டதென்று ஒருவர் எழுந்தார்.
அப்புறம் சீப்பு.
ஈர முடியில் இறங்கி,
நின்று,
இழுபட்டு,
விட்டுப்போகும் அந்தச் சிறு சத்தம்.
எழுந்தவர் நின்றபடியே கேட்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
அன்று காரில் ஓடியது நடிகையின் டேக்,
ஏசி இரைச்சல்தான் மிச்சம்.
நள்ளிரவில் குளியலறைக் கதவைச் சாத்தி
ஹெங்காமேயின் தலையைத்தான் வாரினேன்,
மைக்கை என் பல்லில் கவ்விக்கொண்டு.
வலித்தபோதும் மூச்சு விடவில்லை அவள்.
டேக் கெட்டுவிடுமாம்.

இப்போது அவள் பாஸ்போர்ட்
அந்த நான்காம் மாடியில்.
திரைப்பட விழாக்களின் அழைப்புகள்
வந்துகொண்டிருக்கின்றன,
நுழைவுச்சீட்டு, ஹோட்டல் அறை, காலை உணவு உட்பட.
இவள் மறுபடியும் கல்யாணங்களுக்குப் போகிறாள்.

நேற்று போன் செய்தாள்.
மணப்பெண்ணின் அம்மா
கூட்டத்திலிருந்து நழுவிப்போய்
கைகழுவும் இடத்தில்
தனியாக ஆடிக்கொண்டிருந்தாளாம்.
"எடுத்தாயா?"
"கதவு சாத்தியிருந்தது.
வளையல் மட்டும் கேட்டது."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"வியாழக்கிழமை இன்னொரு கல்யாணம்.
மைக்கை எடுத்துக்கொண்டு வா."