நேர்கோடு

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று
சீட்டிலேயே எழுதித்தான் கொடுக்கிறோம்.
என்றாலும் வழிய வழியத் தேய்த்து
படிய வாரிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள்,
ஆஸ்பத்திரிக்கு வேறெப்படி வருவது என்று.

பெத்தணன் மட்டும் சீயக்காய் மணக்க வந்தார்.
சொன்னபடி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.
நெல்பேட்டை, யானைக்கல், சிம்மக்கல் என்று
விடியும்வரை டீக்கடை டீக்கடையாய் நின்றாராம்.
அரசு பஸ் டிரைவர். பதினெட்டு வருஷம்.
திருமங்கலம் – மாட்டுத்தாவணி.

மூக்குமேட்டிலிருந்து பிடரி எலும்புவரை
டேப் பிடித்தேன். முப்பத்தாறு.
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வைக்க
"தொப்பிக்கு அளவா?" என்றார்.
இருபத்தொரு கிண்ணம்,
ஒவ்வொன்றிலும் வடைமாவுப் பதத்தில் கொஞ்சம் பசை.

கதவோரம் நின்ற அங்கம்மா கையில்
இன்னும் அந்த பீரோ சாவி.
பல்லைக் கடித்து, வெட்டி வெட்டி இழுத்த ராத்திரி
இரும்பு கொடுத்தால் நிற்குமென்று
அவர் உள்ளங்கையில் திணித்தது அதைத்தான்.
"அதுவா நின்னுச்சா, இதால நின்னுச்சான்னு
நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நான் பார்க்கலாம்.
சொல்லக் கூடாது.

கண்ணை மூடச் சொன்னேன்.
பிடரிப் பக்கத்துக் கோடுகளில்
நொடிக்குப் பத்தாய், சீராய் ஓர் அலை.
திறக்கச் சொன்னதும் ஓடி ஒளிந்தது.
நல்லது, அது அப்படித்தான் செய்யும்.
மூன்று நிமிஷம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.
விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டினேன்.
பிறகு தூங்கிப்போனார்,
டெப்போ பெஞ்சில் தூங்குகிற மாதிரி, வாய் திறந்து.

பத்தொன்பதாம் நிமிஷம்
இடது பொட்டில்
ஓர் ஊசி.
அதன் முதுகில் ஒரு மேடு.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அங்கம்மா கொட்டாவி விட்டாள்.
அவர் உதடுகூடத் துடிக்கவில்லை.
மறுபடி ஊசி. மறுபடி.
ஒரு லைசென்ஸ் கிழிகிற சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

விழித்ததும் கேட்டார்:
"கோடு நேரா இருக்காம்மா?"

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்,
ரோடு மாதிரி, நேராக இருந்தால் நல்லதென்று.
நேர்கோட்டை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்,
மூன்றாம் மாடி ஐசியூவில்,
பைக்கிலிருந்து விழுந்த ஒரு காலேஜ் பையனுக்கு.
கொஞ்சமாவது கோணாதா என்று
மெஷினின் நுணுக்கத்தைக் கூட்டிக் கூட்டி
அரைமணி நேரம் பார்த்தோம்.
பக்கத்துக் கட்டிலின் பம்ப் ஓடியது மட்டும்
அதில் மெலிதாய்ப் பதிந்தது.

"நேரா இல்லண்ணே" என்றேன். "மிச்சத்த டாக்டர் சொல்வாரு."
"வண்டி எடுக்கலாம்ல?"
நான் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"காதுக்குப் பின்னாடி வெந்நி ஊத்திக் கழுவுங்க."

அடுத்தது சக்கர நாற்காலியில் சிக்கந்தர்.
கோரிப்பாளையத்தில் பரோட்டா மாஸ்டர்.
வாதம் அடித்து ரெண்டு மாசம்;
நேற்றிலிருந்து வாயோரம் துடிக்கிறதென்று அனுப்பியிருந்தார்கள்.
வலது கை மடியில் கிடந்தது,
பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிய மாவாக.
பேர் கேட்டால், ஊர் கேட்டால், வலிக்கிறதா என்றால்
"ரெண்டு செட்டு. ரெண்டு செட்டு."
வேறு சொல் எதுவும் மிஞ்சவில்லை.
ரத்தம் போய்ச் சேராத இடதுபக்கம்
அலைகள் பெரிதாய், சோம்பலாய்ப் புரண்டன.
எண்ணிப் பார்த்தேன்,
நொடிக்கு ரெண்டு.
வலதுபக்கம் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல்
பத்துப் பத்தாய் ஓடிக்கொண்டிருந்தது,
ராத்திரி பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு
இன்னும் கல் சூடாகவே இருப்பதுபோல்.

சாயங்காலம் ஊமச்சிகுளம் பஸ்ஸில்
டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது.
கிராப்பு வெட்டிய பிடரி.
கண்ணாலேயே டேப் பிடித்தேன், முப்பத்தைந்து இருக்கும்.
காதுக்குப் பின்னால் வெள்ளை எதுவும் இல்லை.
இருந்தும் ஒவ்வொரு பள்ளத்திலும்
அவர் தோள் தூக்கிப் போடும்போதெல்லாம்
பதிவின் ஓரத்தில் குறிப்பதுபோல
மனசுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன்:
அசைவு.
வெறும் அசைவு.