ஒரு ஊர், ஒரு ஈட்டிப்படை

ஹ்விச்சே என்று போட்டிருக்கிறது.
எப்படிச் சொல்வதென்று யாருக்கும் தெரியாது.
யோவேல் விச்சி என்கிறான். நானும் விச்சி.

வரைபடத்தில் கட்டைவிரல் நகம் அளவு மஞ்சள்.
பெரிய சாக்ஸன் நாடுகளுக்குப் பக்கம் பக்கமாய்ப் புராணம்,
முரசு அதிர அறிமுகம், தனிக்கொடி.
இவர்களுக்கு ஒன்றரை வரி:
உப்பு எடுப்பார்கள். மெர்சியாவுக்குக் கப்பம்.
எழுதியவன் பாதியில் சாப்பிடப் போய்விட்டான் போல.

இவர்களை வைத்து ஆட முடியாது.
பெயரைத் தொட்டால் சாம்பல் நிறமாகிவிடும்.
யோவேல்தான் கோப்பைத் திறந்தான்,
தண்டையார்பேட்டையில் செல்போன் கடையைச் சாத்திவிட்டு,
பாதி ஷட்டருக்குக் கீழே குந்தி.
ஆடலாமா என்ற இடத்தில்
இல்லை என்றிருந்தது.
இல்லையை அழித்து ஆம் என்று அடித்தான்.
"அவ்ளோதான்க்கா. இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பில்டப்பு."

முதல் சுற்று.
ராஜா பெயர் ஆஸ்வால்ட்.
சிரித்துவிட்டேன். எங்கள் அப்பா பெயர்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி முதுகு போனவர்,
உள்ளறையில் ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருப்பவர்.
ராஜாவின் தம்பி எட்வின்.
என் தம்பியும் எட்வின்தான்,
எண்ணூர் சாலையில் டிரெய்லரோடு
பதினோரு மணி நேரமாக வரிசையில்.
தளபதி காட்வின், எங்கள் சர்ச்சில் உண்டியல் எண்ணுகிறவர்.
ராணி மில்ட்ரெட், மூன்றாவது வீடு, மாவு பாக்கெட் விற்கும்.
ராயபுரத்தில் எங்கள் சந்தில் நின்று
ஒரு சத்தம் கொடுத்தால் போதும்,
விச்சியின் அரசவை லுங்கியோடு வெளியே வரும்.

எந்தப் பாதிரி எந்தக் கப்பலில்
இந்தப் பெயர்களை மூட்டை கட்டி வந்தாரோ.
அங்கே தேய்ந்து போயிருக்கலாம்.
இங்கே ரேஷன் கார்டில் இருக்கிறது,
எழுத்துப் பிழையோடு.

எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
லாரி ஏறும், எண் ஆடி நிற்கும், சீட்டு வரும்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சுற்று.
உப்பு விற்றேன். கப்பம் கட்டினேன்.
வேலி போட்டேன், வேலி எரிந்தது,
மறுபடி போட்டேன்.
டேனியர்கள் ஆற்றுவழி வந்தபோது
பணத்தை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.
வீரம் என்று ஒரு எண் உண்டு ஆட்டத்தில்.
எனக்கு அது பூஜ்யம்.

பத்தொன்பதாம் சுற்றில் ஆஸ்வால்ட் காய்ச்சலில் போனார்.
அன்று விடிந்து வீட்டுக்குப் போனதும்
செருப்பைக்கூடக் கழற்றாமல்
உள்ளறையை எட்டிப் பார்த்தேன்.
"இன்னாடி" என்றார்.
ஒன்றுமில்லை.

நூற்று நாற்பதில் மெர்சியா செத்தது.
அதைத் தின்றவனும் செத்தான்.
நான் இருந்தேன், ஒரு ஊர், ஒரு ஈட்டிப்படை.

அப்புறம்தான் தோன்றியது, கெலிப்பது எப்படி?
வெற்றி நிபந்தனைகள் பக்கத்தைத் திறந்தேன்.
அடுத்தவனுக்கு முப்பது ஊர், நாலு கோட்டை, லண்டன்.
எனக்குத் தலைப்பு இருந்தது.
கீழே வெறும் தோல்சுருள் படம்.
யோவேலைக் கேட்டேன்.
"சாவறதுக்குன்னு வச்ச பார்ட்டிக்கா அது.
கெலிக்க வழி எவனும் எழுதலை."

எழுதாவிட்டால் என்ன என்று ஆடினேன்.
மார்கழி முடிந்து தை பாதிவரை ஆடினேன்.
கடைசிச் சுற்று, கடைசி வருடம்.
திரை கறுத்து, ஒரு காக்கை, ஒரு எரிகிற குடிசை,
பெரிய எழுத்தில்
தோல்வி.
அதன் ஓரத்தில், வரைபடம் மறையாத இடத்தில்,
என் மஞ்சள் நகம் அப்படியே இருந்தது.
வேலி முழுசாக.
உப்பு விலை ஏறியிருந்தது.

வெளியே ஹாரன். நாலே முக்கால்.
எட்வின் வண்டி மேடையில் ஏறியது.
நாற்பத்தொன்று டன், முந்நூற்று இருபது கிலோ.
சீட்டில் பார்ட்டி பெயர் என்று ஒரு கட்டம் உண்டு.
விச்சி என்று அடித்தேன்.
கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் துப்பியது.

"யாருக்கா இது, புது கம்பெனியா?"
பழசுடா, என்றேன்.
வண்டியை இறக்கு, பின்னால் நிற்கிறான்.