பியாத்தா

செத்தூபல் நகரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்:
ஓயாமல் செபமாலை உருட்டுகிறவளும் பியாத்தா,
மிதித்து அணைத்த சிகரெட் துண்டும் பியாத்தா.

ஆதியில் 'பேறுபெற்றவள்' என்று பொருளாம்.
அது எப்படித் தரைக்கு வந்தது?
நகராட்சித் துப்புரவுக்காரி எத்தெல்வினாவைக் கேட்டால்
"எனக்கென்ன தெரியும்,
இரண்டும் கோயில் வாசலில்தான் கிடக்கின்றன" என்பாள்.

குஷ்தோதியுவின் மனைவி முதல் வகை.
பூசை முடியும்வரை அவன் வெளியே நிற்பான்.
"உள்ளே ஒரு பியாத்தா, வெளியே மூன்று."
பதினெட்டு வருடமாக அதே வேடிக்கை.
அவளும் ஒருமுறை சிரித்தாள்.

பிப்ரவரியில் அவளைப் புதைத்தார்கள்.

அடுத்த ஞாயிறும் வந்தான்.
உள்ளே போகவில்லை.
முதல் மணிக்கு ஒன்று பற்றவைத்தான்,
நற்கருணைக்கு ஒன்று,
கடைசி ஆசீருக்கு ஒன்று.
கூட்டம் கலைந்து
கோயில்பிள்ளை கதவைச் சாத்தும்வரை
படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போதெல்லாம் துண்டுகளைக் கீழே போடுவதில்லை.
கோட்டுப் பையில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு,
அதற்குள் போட்டு மூடுகிறான்.

அந்த இடத்தில் கூட்ட ஒன்றுமில்லை.
எத்தெல்வினா கூட்டுகிறாள்.
இவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது?
நாக்கு வரை வருகிறது ஒரு சொல்.

"மழை வரும்போல" என்கிறாள்.
அவன் வானத்தைப் பார்க்காமலே
ஆமாம் என்கிறான்.