இரண்டாம் தரம்

சனிக்கிழமை ஷிப்ட் முடிய எட்டரை.
அதற்குள் செக்கிங் டேபிளில்
அறுநூற்றுச் சொச்சம் பீஸ் கடந்திருக்கும்.
ஊசி விட்ட ஓட்டை, எண்ணெய்க் கறை, தாவின தையல்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
ஒட்டிவிட்டால் அது செகண்ட்ஸ்.
காதர்பேட்டைக்குக் கிலோக் கணக்கில் போகும்.

சங்கச் செயலாளர் நாச்சிமுத்து அங்கேதான்
நடுவர்களுக்குச் சட்டை எடுப்பார்.
"சங்கத்துல காசு இருந்தா
நான் எதுக்குங் அம்மிணி இங்க வர்றேன்?"
சித்திரையில் எனக்குத் தந்த மஞ்சள் சட்டையில்
இடது அக்குளுக்குக் கீழே
அம்பு உரித்த பசை பிசுபிசுத்தது.
கழுத்தோரம் பேனாவில் டேபிள் எண் பதினேழு.
ஒட்டினது நான்தான்.

பட்டியலில் நடுவர்கள் பத்தொன்பது.
ஞாயிறு காலை வருவது ஏழு.
ஒருவருக்கு ஒரம்பரை வீட்டில் சீர்.
ஒருவருக்கு முட்டி.
"சித்தெ இருங், வந்தர்றோம்" என்ற இருவர்
தை மாதத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள்.
மற்றவர்கள், பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு
கோலைத் திருப்பிக் கொடு என்று
கூட்டம் கேட்ட நாளோடு நின்றவர்கள்.
நடுவர் வளர்ச்சி என்று தீர்மானப் புத்தகத்தில்
மூன்று வருஷமாய் ஒரே வரி.
அடியில் கையெழுத்து மட்டும் மாறும்.

புதன் இரவுகளில் நாங்களே கூடினோம்.
பவர் டேபிள் தங்கமயில், சாயப்பட்டறை இர்ஷாத்,
டிப்ளமோ படிக்கிற மெர்லின், நான்.
கட்டிங் டேபிளில் பட்டன் பரப்பி ஆஃப்சைடு:
நீலம் தாக்குகிற அணி, வெள்ளை தடுக்கிற அணி,
பந்துக்கு ஒரு பொரிகடலை.
இர்ஷாத் இரண்டு தரம் பந்தைத் தின்றுவிட்டான்.

நாற்பது ஓட்டம், ஒவ்வொன்றும் எழுபத்தைந்து மீட்டர்.
போன வருஷம் முப்பத்தெட்டாவதில்
ஒரு காலடி குறைந்தது.
இந்த வருஷம் தாண்டினேன்.
எப்படி என்று இட்டேறி நாய்களைக் கேளுங்கள்.

தரம் உயர ஓட்டம் மட்டும் போதாது.
கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து
முழு ஆட்டமும் பார்க்க வேண்டும்.
வந்தார். குடை, குறிப்பேடு.
பல்லடத்துக்கும் ஊத்துக்குளிக்கும் அரையிறுதி.

எழுபத்தெட்டாவது நிமிடம்
ஊத்துக்குளிப் பையன் பெட்டிக்குள் விழுந்தான்.
விசில் ஊதிவிட்டது,
கை புள்ளியைக் காட்டிவிட்டது,
அப்புறம்தான் கண் கோட்டுப் பக்கம் போனது.
மெர்லின், அவளுக்கு அது நாலாவது ஆட்டம்,
கொடியை இறக்கிப் பிடித்தபடி
தலையை லேசாக அசைத்தாள்.
இல்லை.

நடந்து போய்க் கேட்டேன்.
"தொடவே இல்லைக்கா. தானா விழுந்தான்."
மைதானம் சௌடேஸ்வரி என்ற என் பேரை விட்டுவிட்டு
என் அம்மாவைக் கூப்பிட்டது.
குடைப் பக்கம் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டேன்.
பார்த்தேன்.
பேனா திறந்திருந்தது.

டேபிளில் எத்தனையோ தடவை செய்ததுதான்.
ஒட்டின அம்பை உரித்து
பீஸ் நல்லதுதான், தப்பு என் கண்ணில் என்று
அடுக்கில் திரும்ப வைப்பது.
சூப்பர்வைசர் கத்துவார். வைக்கத்தான் வேண்டும்.

பெனால்டி இல்லை என்றேன்.
விழுந்தவனுக்கு மஞ்சள் அட்டை.
"ஏனுங்க்கா இப்படிப் பண்றீங்" என்று
அவர்கள் கேப்டன் அழுகிற மாதிரி நின்றான்.
அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பதினோரு நாள் கழித்துக் கடிதம் வந்தது.
'விசில் முந்திவிட்டது. ஏழு மதிப்பெண் கழிவு.
மூன்றாம் தரத்திலிருந்து இரண்டாம் தரம்.'
தேறினது இரண்டு மார்க்கில்.
பக்கத்து டேபிள் பூவாத்தாள் வாங்கிப் படித்தாள்.
"செகண்ட்ஸாக்கிட்டாங்கன்னு
மிட்டாய் குடுக்கறது நீ ஒருத்திதான்டி."

நாச்சிமுத்து புதுச் சட்டை கொண்டுவந்தார்.
"இது ஃபர்ஸ்ட் குவாலிட்டி அம்மிணி, கடை விலைக்கே வாங்கினேன்."
பழக்கம் போகுமா,
தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
வலது தோளில் ஒரு தையல் தாவியிருந்தது.

சொல்லவில்லை.
ஞாயிறு ஏழு மணிக்குப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் ஆட்டம்.
மெர்லினிடம் விசில்.
என்னிடம் கொடி.