தடைக்காலம் முடியும் நாள்

அறுபத்தோரு நாள் லீவு
இன்று ராத்திரியோடு சரி.
ஐஸ் ஏற்றியாச்சு, டீசல் பிடித்தாச்சு.
ஜெனிட்டா விடவில்லை.
தண்டையார்பேட்டை மைதானத்தில் கண்ணாடிக் குகை,
தலைக்கு நூறு ரூபாய்.

எங்கள் தலைக்கு மேலே
திருக்கை ஒன்று போனது.
அந்த வெள்ளை வயிற்றை
ஆயிரம் தரம் பார்த்தவன் நான்,
படகுத் தளத்தில் புரட்டிப் போட்டு.
நீந்தும்போது அதற்குச் சிரித்த முகம் என்று
யாரும் சொன்னதில்லை.

"இது கிலோ என்னப்பா போகும்?"
மகள் சத்தமாகக் கேட்டாள்.
முன்னால் போனவர்கள் திரும்பினார்கள்.
சொல்ல வாயெடுத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
ஒரு களவாவும் வாயெடுத்தது.

வெளியே மிளகாய் பஜ்ஜி.
மணிக்கட்டில் நீல மையில்
மீன் முத்திரை:
இன்றைக்குள் எத்தனை தரமும்
உள்ளே வரலாமாம்.

விடிகாலை வலை இழுக்கையில் பார்த்தேன்,
வால் மட்டும்
அழியவில்லை.