தன்மை ஒருமை

டயர் கடையிலிருந்து நேராக வந்தேன்.
நகக்கண்ணில் கறுப்பு. கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
நெப்ராஸ்காவில் ஐந்தே முக்காலுக்கே இருட்டு.
ஏழு வயதுக்கான நாற்காலிகளில்
மூன்று பெரியவர்கள், முழங்கால் மோவாயில்.

விதி ஒன்றுதான்:
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.
'அம்மா சொல்கிறார்' என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

மிஸ் நோவாக் நீலக் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள்.
தினம் இருபது நிமிட வாசிப்பு,
கீழே பெற்றோர் கையெழுத்து.
"ஒரு நாள்கூட விடவில்லை!"
குர்மாஞ்சியில் சொன்னேன்.

பஃப்ரீன் ஒரு கையெழுத்தை விரலால் தொட்டார்.
கடைசி எழுத்துக்கு வால் நீளம்.
பிறகு, தாழ்ந்த குரலில், இரண்டே வாக்கியம்.

எங்கள் மொழியில் 'நான்' இரண்டு.
இப்போதைக்கு எஸ்.
செய்துமுடித்த காரியத்துக்கு மின்.
இரண்டையும் சொன்னார்.
ஆங்கிலத்தில் இருப்பது ஒன்று, அதற்குள் இரண்டையும் திணித்தேன்:
"நான் படிக்கத் தெரியாத ஆள்.
இதெல்லாம் நான் போட்டதில்லை."

என் வாய், என் குரல்.
ஆசிரியை சட்டென்று என்னைத்தான் பார்த்தாள்.
காது மடல் சுட்டது.
நானில்லை, இவர், என்று திருத்த
நாக்கு பல்வரைக்கும் வந்து
நின்றது.

அவள் பேனாவை மூடினாள்.
"தில்கஷ் படிக்கும்போது கேட்பீர்களா?"

"தினமும். பாத்திரம் கழுவிக்கொண்டே.
அந்த நாய் தொலைந்துபோனதுவரை கேட்டாயிற்று.
கிடைத்ததா என்று
பயல் இன்னும் சொல்லவில்லை"
என்றார்.

என்றேன்.

நோவாக் இப்போது
அவரைப் பார்த்துச் சிரித்தாள்.