சாக்கு

அப்பா இறந்தது பிப்ரவரியில்.
வின்னிபெக்கில் அந்த மாதம் குழி தோண்ட
முதல்நாள் இரவே மண்மேல் நிலக்கரி மூட்ட வேண்டும்.
அந்தக் கரிக்கு யார் பணம் கொடுத்தார்கள்
என்று இன்றுவரை தெரியாது.
கணக்கெழுதியவள் நான்.
என் ஏட்டில் அது இல்லை.

லைபிஷ் ஸகாரின் அண்ட் சன்.
பழைய சாக்கு, புதுச் சாக்கு, சணல் கயிறு.
பலகையில் ஒரே ஒரு சன்.
இரண்டு மகள்களுக்கு இடம் போதவில்லை என்றார்.
பலகை பதினாறடி.

பத்தொன்பது வயதில் கப்பலிறங்கி, ரயிலேறி,
மாவு மில்லின் பின்கட்டில்
காலிச் சாக்குகளைத் திருப்பி உதறினார்.
தையலில் ஒட்டிய மாவைச் சலித்துத்தான்
அம்மா முதல் வருடம் முழுக்க
வெள்ளிக்கிழமை ரொட்டிக்குப் பின்னல் போட்டாள்.
பல்லில் நார் சிக்கும் என்பாள் ஃப்ருமா.
அவள் அப்போது பிறக்கவே இல்லை.

பிறகு கிடங்கு, பிறகு இரண்டு கிடங்கு,
கல்கத்தாவிலிருந்து சணல், நாற்பது தையல் இயந்திரம்.
கொடுக்கவும் தொடங்கினார்.
சாக்கு வியாபாரிக்குச் சாக்குக்கா பஞ்சம்!
விதவை ஒலேனா வீட்டு வாசலில் கரி வண்டி:
'முகவரி தப்பிவிட்டது, திருப்பினால் கூலி அதிகம்,
நீங்களே எரித்துவிடுங்கள்.'
பள்ளிக்கூடத்துக்கு அறுபது ஜோடி பூட்ஸ்:
'அளவு தெரியாமல் வாங்கிவிட்டேன்.'
டாக்டருக்குப் படித்த பையனுக்கு மாதம் இருபது டாலர்:
'உன் தாத்தாவிடம் பட்ட கடன்.'
அந்தத் தாத்தா ஒரு பாலத்துக்கடியில்
கடனாளியாகவே செத்தவர்.
ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு கட்டினார்.
பெயர் பொறித்தால் காசோலை திரும்பும் என்றார்.
நர்ஸுகள் அதைச் 'சாக்குக்காரர் வார்டு' என்றார்கள்.
அதற்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டுக்கும் வந்தன சாக்குகள்.
என் பியானோ தேர்வன்று சரக்கு ரயில் தாமதம்.
ஃப்ருமாவின் கல்யாணத்தில் கண்ணாடி உடைந்து
எல்லோரும் கை தட்டி ஓய்ந்தபின் வந்தார்,
புருவத்தில் மாவோடு.
'ஊருக்கு நீ அப்பா, எனக்கு முதலாளி'
என்று ஆசர் வான்கூவருக்கு ரயிலேறினான்.
பலகையிலிருந்து சன்னை அப்பா அழிக்கவில்லை.
வருடா வருடம்
அந்த எழுத்துக்கு மட்டும் புது வர்ணம்.

அம்மா படுத்தபோது
மூன்று வாரம் கடை பக்கமே போகவில்லை அவர்.
நாற்காலியில் உட்கார்ந்து
அவள் கையுறையின் கிழிசலைச் சாக்கு ஊசியால் தைத்தார்,
அசிங்கமாக, பெரிய பெரிய தையலாக.
ஏன் கடைக்குப் போகவில்லை என்று அவள் கேட்டாள்.
அன்றைக்கு மட்டும்
அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

துக்க வீட்டில் கண்ணாடிகளை மூடவேண்டும்.
போர்வை போதாமல் கூடத்து நிலைக்கண்ணாடிக்குப்
புதுச் சாக்கைப் பிரித்துப் போட்டோம்.
பழக்கத்தில் முகம் பார்க்கப் போனவர்கள்
நீல மையில் ஸகாரின் என்று வாசித்துத் திரும்பினார்கள்.

காதிஷ் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும்.
ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.
ஆசரின் தந்தி மேசையில் கிடந்தது.
நான் எண்ணிக்கையில் சேராதவள்;
நாற்பது பேருக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்தவள்.
இருட்டியபின் கதவு தட்டி
பனி உதறி நின்றார் மருந்துக்கடை யூதல்.
'உங்கள் அப்பாவின் வண்டிக்காரன் மகா மடையன்.
பதினோரு குளிர்காலம்
அதே தப்பான முகவரிக்கு வந்தான்.'
ஃப்ருமா சிரித்தாள்.
தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தபடி,
கிழித்த ரவிக்கையோடு,
நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

ஃப்ருமாவும் போய்விட்டாள்.
நேற்று மாலை இருபத்துநான்கு மணி நேர மெழுகுவத்தியை
நான்தான் ஏற்றினேன்.
ஆசர் போன் செய்தான்.
விமானம் இல்லையாம், முழங்கால் வலியாம், பனியாம்.
வான்கூவரில் ஏது பனி?
நல்ல சாக்குடா என்றேன்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
'எனக்கும் ஒரு கல் வை' என்றான்.

வைத்தேன்.
பிப்ரவரியில் இங்கே கல் கிடைக்காது,
எல்லாம் பனிக்கடியில்.
போன கோடையில் ஏரிக்கரையில் பொறுக்கி
கோட்டுப் பையில் போட்டு வைத்திருந்தேன்,
இரண்டு.